ஐந்தாவது கியரில் அறுபது

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற நாற்கரச் சாலை அதிகாலையில் காலியாக இருக்கும். மேடு பள்ளமும் அதிகம் இல்லை. அந்த நேரத்தில் சும்மா ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டேஷ்போர்டில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் கோடு ஒன்று இப்போது பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அறுபதில் சீராகப் போய்க்கொண்டு, மூன்றாவது கியரில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே அறுபதை நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பாருங்கள். சாலையும் வேகமும் காற்றும் மாறவில்லை, வண்டியில் இருக்கும் ஆட்களும் அதே ஆட்கள். ஆனாலும் கோடு ஒவ்வொரு கியருக்கும் ஒரு படி ஏறும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஐந்தாவதில் போகும்போது ஆக்ஸிலேட்டரை மூன்றாவதில் மிதித்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே மிதித்திருப்பீர்கள். அதிகம் மிதித்தும் குறைவாகக் குடிக்கிறது வண்டி. "காலை லேசா வச்சா மைலேஜ் வரும்" என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தோடு இது ஒத்துப்போகவில்லை. அந்தப் பாடம் பாதிதான் உண்மை. மிச்சப் பாதி இன்ஜினுக்குள் இருக்கிறது.

ஒரு டன் எடையுள்ள சின்ன ஹேட்ச்பேக் காரைச் சமதளத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருக்க எவ்வளவு சக்தி வேண்டும்? காற்றின் எதிர்ப்பு, டயர் உருளும் தடை இரண்டையும் கூட்டினால் சுமார் 4 கிலோவாட், அதாவது ஐந்தரைக் குதிரைத்திறன் போதும். அந்தக் காரில் இருக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினால் எண்பது, தொண்ணூறு குதிரைத்திறன் வரை தர முடியும். கல்யாண மண்டபத்து அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காபி போடுகிற கதைதான். பாலைச் சூடாக்கும் செலவைவிட அடுப்பு எரிவதற்கே ஆகும் செலவு பெரிது.

இன்ஜின் சுற்றுவதற்கே ஒரு செலவு உண்டு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் உரசுகின்றன, பேரிங்குகள் உரசுகின்றன, வால்வு ஸ்பிரிங்குகளை அழுத்தியாக வேண்டும், ஆயில் பம்பும் வாட்டர் பம்பும் ஓட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு சுற்றுக்கும் கட்ட வேண்டிய சுங்கம் மாதிரி. ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) கூடினால் சுங்கமும் கூடும். சுற்று வேகமாக ஆக, ஒவ்வொரு சுற்றின் கட்டணமும் கொஞ்சம் உயரும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு இதற்கு மேல் தனியாக ஒரு நோய் உண்டு. காற்று உள்ளே போகிற வழியில் த்ராட்டில் என்றொரு தட்டு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது திறக்கும், விட்டால் மூடும். குறைந்த சக்தி போதும் என்கிறபோது அந்தத் தட்டு முக்கால்வாசி மூடியே கிடக்கும். அப்போது பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் காற்றை வலிந்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது. நசுங்கிய ஸ்ட்ராவை வைத்து இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கன்னம் வலிக்கும், உள்ளே போவது என்னவோ சொட்டுச் சொட்டாகத்தான். அந்த வலிக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது.

இனி கியருக்கு வரலாம். சக்தி என்பது முறுக்குவிசையையும் (சுற்றித் தள்ளும் விசை) சுற்றுவேகத்தையும் பெருக்கி வருவது. தேவையான 4 கிலோவாட்டை இன்ஜின் இரண்டு விதமாகத் தரலாம். வேகமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் லேசாகத் தள்ளலாம். அல்லது மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தித் தள்ளலாம். முதலாவது கீழ் கியர், இரண்டாவது மேல் கியர். மேல் கியரில் சுற்றுகள் குறைவதால் சுங்கம் குறைகிறது. அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால் த்ராட்டில் நன்றாகத் திறக்கிறது, ஸ்ட்ராவின் நசுங்கலும் நிமிர்கிறது. ஒரே கியர் மாற்றத்தில் இரண்டு இடத்தில் மிச்சம். ஐந்தாவதில் கூடுதலாக மிதித்தும் செலவு குறைந்ததற்குக் காரணம் இதுதான். ஆக்ஸிலேட்டர் மிதியால் பெட்ரோல் நேரடியாக ஊற்றப்படுவதில்லை. அது காற்றுக்கு வழிவிடுகிறது, அந்தக் காற்றுக்கேற்ற பெட்ரோலைக் கணினி அளந்து விடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை முறை அப்படி அளக்கிறது என்பதை ஆர்பிஎம் முடிவு செய்கிறது.

எண்களாகப் பார்த்தால் இன்னும் தெளியும். டயர் ஒரு முறை உருண்டால் 1.95 மீட்டர் நகரும் ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், சக்கரம் 513 முறை சுற்றும். கியர்பாக்ஸும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்த மொத்த விகிதம் ஐந்தாவதில் 3.3, மூன்றாவதில் 5.3, இரண்டாவதில் 7.8 என்றால், இன்ஜின் முறையே சுமார் 1,700, 2,700, 4,000 ஆர்பிஎம்மில் ஓடும். இந்த அளவு இன்ஜினுக்குப் பொருந்துகிற உராய்வு, உறிஞ்சல் இழப்புகளைப் போட்டுப் பார்த்தேன். உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுவது ஐந்தாவதில் ஏறக்குறைய இரண்டரை கிலோவாட், மூன்றாவதில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவதில் எட்டுக்கு மேல். வண்டியை நகர்த்தத் தேவைப்படும் 4 கிலோவாட் மூன்றிலும் மாறாது. இரண்டையும் கூட்டினால், ஐந்தாவதைவிட மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் அதிகம், இரண்டாவதில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தோராயக் கணக்குதான், காருக்குக் கார் எண்கள் நகரும். ஆனால் எந்தக் காரிலும் வரிசை மாறாது.

நகர்த்தத் தேவையான செலவு தனி, சுற்றுவதற்கான செலவு தனி என்று பிரித்துப் பார்க்கும் இந்த வழி கார்களைவிடப் பழையது. பீட்டர் வில்லன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், நீராவி இன்ஜின் எவ்வளவு வேலை செய்கிறது, அதற்கு எவ்வளவு நீராவி பிடிக்கிறது என்று அளந்து கோடு போட்டார். கோடு நேராக வந்தது, ஆனால் பூஜ்யத்தில் தொடங்கவில்லை. வேலையே செய்யாமல் சுற்றினாலும் ஒரு செலவு உண்டு என்று அந்தக் கோடு சொன்னது. வில்லன்ஸ் கோடு என்றே இன்றும் அதற்குப் பெயர். (நம் ஊரில் இந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் வந்துவிடும், அவர் பொறுப்பில்லை.)

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், தவறான கியரால் எரிபொருள் செலவு 20 சதவீதம் வரை கூடலாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஒரு முழுப் பயணத்தில் எப்போதுமே தவறான கியரில் யாரும் ஓட்டுவதில்லை என்பதால், மேலே சொன்ன கணக்கோடு அது முரண்படவில்லை. 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்வதும் அவர்கள்தான். இந்த எண்ணுக்குப் பின்னாலும் கியர் ஒளிந்திருக்கிறது. டாப் கியரைத் திணறாமல் போடக்கூடிய குறைந்த வேகம் பெரும்பாலான சின்னக் கார்களில் ஐம்பதை ஒட்டித்தான் வரும். அதற்குக் கீழே போனால் கியரை இறக்க வேண்டும், மேலே போனால் காற்று தடுக்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். நான் எடுத்துக்கொண்ட அதே காரை ஐந்தாவது கியரிலேயே 120இல் ஓட்டினால், கிலோமீட்டருக்கு ஆகும் பெட்ரோல் அறுபதில் ஆவதைப் போல இரண்டு மடங்கு. அங்கே கியரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, அதற்கு மேல் போடக் கியரும் இல்லை.

அப்படியானால் முப்பதிலேயே ஐந்தாவதைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். மைலேஜ் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் அப்படித்தான் ஓட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்தால் சீட்டு அதிரும். 1,000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் இன்ஜினை முழுப் பாரத்தோடு இழுக்கச் சொன்னால் சில விஷயங்கள் கெடுகின்றன. ஒவ்வொரு வெடிப்பும் மெதுவாக நடப்பதால் சூடு சிலிண்டர் சுவருக்குள் போக அதிக நேரம் கிடைக்கிறது. கலவை தானாகவே வெடிக்கிற 'நாக்கிங்' எட்டிப்பார்க்கிறது. இப்போதைய கார்களில் அதைக் கேட்க ஒரு சென்சார் உண்டு. கேட்டதும் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். தாமதமான தீப்பொறி என்றால் பெட்ரோலின் சக்தியில் ஒரு பகுதி வேலையாகாமல் சைலன்சர் வழியே போகும். இதோடு இழுவை போதாமல் மிதியைத் தரை வரை அழுத்தினால், இன்ஜினைக் காப்பாற்றக் கணினி தேவைக்கு மேல் பெட்ரோலைச் சேர்க்கத் தொடங்கும். சாதாரணமாக ஒரு கிலோ பெட்ரோலுக்குப் பதினான்கே முக்கால் கிலோ காற்று என்கிற கணக்கு, அப்போது பன்னிரண்டரைக்குக்கூட இறங்கலாம். மிச்சம் பிடிக்கப் போய் மொய் எழுதிவிட்டு வருவோம்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த சின்னப் பெட்ரோல் இன்ஜின்களில் இது காசு பிரச்சினையோடு நிற்பதில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் அதிகப் பாரம் ஏற்றும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கலாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்கள் பெருகிய பிறகுதான் இது பெரிய தலைவலியானது. இதைச் சமாளிக்கவே இன்ஜின் ஆயிலின் தரவிதிகள் 2018லும் 2020லும் மாற்றப்பட்டன. ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறி) என்று போட்டிருந்தால் அந்தச் சோதனையைத் தாண்டிய ஆயில் என்று பொருள்.

ஆகவே தேடவேண்டியது இன்ஜின் திணறாத அளவில் மிக உயரமான கியரை. ஐரோப்பாவில் டிரைவர்களுக்குப் பொதுவாகச் சொல்லித்தரும் அளவு, பெட்ரோல் என்றால் 2,500 ஆர்பிஎம்முக்குள்ளும் டீசல் என்றால் 2,000க்குள்ளும் அடுத்த கியருக்கு மாறிவிட வேண்டும் என்பது. நம் ஊரின் விலை குறைந்த வேரியன்ட்களில் ஆர்பிஎம் காட்டும் ரெவ் மீட்டரே இருக்காது. காதுதான் மீட்டர். மிதியைக் கொஞ்சம் அழுத்தினால் வண்டி உறுமாமல் முன்னே நகர்கிறதா, அந்தக் கியர் சரி. அழுத்தியும் நகராமல் டகடகவென்று உதறுகிறதா, ஒன்று இறக்குங்கள்.

டீசலுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பழைய டீசலில் த்ராட்டில் தட்டே கிடையாது, புதியவற்றில் இருந்தாலும் சக்தியைக் கட்டுப்படுத்துவது அது அல்ல. ஸ்ட்ரா நசுங்குவதில்லை என்பதால் கியர் தவறினால் ஆகும் நஷ்டம் பெட்ரோல் காரைவிடக் குறைவு. சுற்றுச் சுங்கம் மட்டும் இரண்டுக்கும் பொது.

நகரத்துக்குள் கதை வேறு. கத்திப்பாராவில் மாலை ஆறரைக்கு மாட்டிக்கொண்டவரிடம் ஐந்தாவது கியரைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார். அங்கே பெட்ரோல் போவது மூன்று வழிகளில்: நின்றபடி ஓடும் இன்ஜின், ஒவ்வொரு பிரேக்கிலும் சூடாகிக் காற்றில் போகும் வேகம், அப்புறம் முதல் இரண்டு கியர்களிலேயே கழியும் நேரம். இந்த மூன்றாவது வழியை மட்டும்தான் கியர் லீவர் குறைக்கும். இங்கேயும் பழைய பாடம் நம்மைத் தவறாக நடத்துகிறது. மிதியை முட்டையின் மேல் வைத்தது போல வைத்து, இரண்டாவது கியரிலேயே மெல்ல மெல்ல நாற்பது வரை கொண்டுபோவதைவிட, பாதிக்குச் சற்று மேல் மிதித்து, இரண்டாயிரத்தைத் தாண்டியதும் சட்சட்டென்று மேலே மாற்றிப் போய்விடுவது பெட்ரோல் காரில் சிக்கனம். த்ராட்டில் திறந்திருக்கிறது, சுற்றும் குறைவு. முன்னால் சிக்னல் சிவப்பாக இல்லாமல் இருந்தால்.

மலைப்பாதைக்கு வந்தால் இன்னொரு பழைய நம்பிக்கை காத்திருக்கிறது. ஏறும்போது இரண்டாவதில் உறுமிக்கொண்டு போனால் பெட்ரோல் கொட்டுகிறது என்று பயந்து, மூன்றாவதிலேயே வண்டியை மூச்சுமுட்ட வைப்பவர்கள் உண்டு. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயர்கிற ஏற்றத்தில், ஆட்களோடு 1,200 கிலோ இருக்கும் காரை முப்பதில் ஏற்ற ஒன்பது கிலோவாட் ஆகும். எந்தக் கியரானாலும் இன்ஜினுக்குக் கை நிறைய வேலை, த்ராட்டில் ஏற்கெனவே நன்றாகத் திறந்திருக்கிறது. அதனால் ஒரு கியர் இறங்குவதால் வரும் கூடுதல் செலவு இங்கே பத்தில் ஒரு பங்குக்குள்தான். சமதளத்தில் கியர் தவறினால் விழும் அடியோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நாக்கிங் வந்து தீப்பொறி தாமதமானால் அந்தச் சின்ன மிச்சமும் போய்விடும்.

இறக்கம்தான் சுவாரசியம். கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவரும்போது, நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது அம்பாசிடர் ஓட்டியவர்களின் சொத்து மாதிரி கைமாறி வந்த அறிவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கார்புரேட்டர் காலத்தில், அதாவது கணினி அளக்காமல் உள்ளே போகிற காற்றே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போன காலத்தில், அது உண்மையாகவே இருந்தது. கியரில் இறங்கினால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றும், சுற்றும் இன்ஜின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் சும்மா ஓடுவதற்கு உண்டானது மட்டும் போகும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது மாருதி 800 உட்பட நம் கார்கள் கார்புரேட்டரை விட்டு எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அன்றோடு கணக்கு தலைகீழானது. கியரில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால், ஆர்பிஎம் ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை கணினி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை அடைத்துவிடும். ஒரு சொட்டு பெட்ரோலும் போகாது. சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. ஆர்பிஎம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும்போது மட்டும், அணைந்துவிடாமல் இருக்க மறுபடி திறக்கும். நியூட்ரல் போட்டாலோ சக்கரத்தின் தயவு இல்லை, இன்ஜின் தானே பெட்ரோல் குடித்துத்தான் ஓட வேண்டும், மணிக்கு அரை லிட்டருக்கு மேல். லேசான சரிவில் நியூட்ரலில் விட்டால் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது நிஜம், இன்ஜினின் பிடி இல்லையே. ஆனால் கொல்லிமலையில் நமக்கு வேண்டியது அந்தப் பிடிதான். அது இல்லாமல் எழுபது வளைவுக்கும் பிரேக்கையே நம்பினால் பட்டை சூடேறி, கீழே வருவதற்குள் பெடல் பஞ்சாகிவிடும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலைந்து முறை மிதித்ததும், காலுக்குத் துணை செய்யும் பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகும், பவர் ஸ்டியரிங்கும் உடன் போகும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது உயிருக்காகச் சொன்னது. இப்போது அது மைலேஜுக்கும் பொருந்துகிறது.

இனி விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண். நம் ஊர்ச் சோதனைக்கு அடிப்படையாக இருப்பது ஐரோப்பாவின் பழைய ஓட்டச் சுழற்சி, உச்ச வேகத்தை மட்டும் 90ஆகக் குறைத்துக்கொண்டது. அந்த ஐரோப்பியச் சுழற்சியில் மேனுவல் காரை எந்த வேகத்தில் எந்தக் கியரில் ஓட்ட வேண்டும் என்பதும் எழுதியே வைத்திருந்தார்கள். நகரப் பகுதியில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை மூன்றாவது கியரில்தான் ஓட்ட வேண்டும். வீட்டில் யாரும் அப்படி ஓட்டமாட்டோம், நான்காவதைப் போட்டிருப்போம். எந்தக் கியர் என்று முன்கூட்டியே தெரிந்தால் கம்பெனிகள் சும்மா இருக்குமா? கியர்களை உயரமாக்கினால், அதாவது விகித எண்ணைக் குறைத்தால், அதே மூன்றாவது கியரில் ஆர்பிஎம் குறையும், சோதனை எண் ஏறும். காகிதத்தில் மைலேஜ் அழகாக இருக்கும். சாலையில் நாலு பேரும் ஏசியுமாகப் போகும்போது இழுவை போதாமல், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாற்றி மாற்றிக் கை வலிக்கும். 'பிக்கப் இல்லை' என்று சொல்லப்படும் கார்களில் சிலவற்றுக்கு இன்ஜின் அல்ல, இந்த உயரமான கியர்தான் காரணம் என்பது என் எண்ணம். ஐரோப்பாவில் 2017இல் வந்த புதிய சோதனை முறை, ஒவ்வொரு காரின் சக்திக்கும் எடைக்கும் ஏற்பக் கியர் மாற்றும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அதற்கு முன்பே, 2012 முதல் அங்கே புதிதாக அறிமுகமாகும் மேனுவல் கார்களில் 'மேலே மாற்று' என்று காட்டும் அம்பு கட்டாயமானது. அதே அம்பு நம் டேஷ்போர்டுகளிலும் வந்திருக்கிறது. அதைத் தொந்தரவு என்று நினைப்பவர்கள் அதிகம். சமதளத்தில் அது சொல்வது பெரும்பாலும் சரி.

மனிதரை நம்பாமல் இயந்திரத்திடமே இந்த வேலையைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா ப்ரியஸ் ஒரு பதில். அதில் கியர் படிகளே இல்லை. மின்மோட்டார்களும் ஒரு கோள்பல்சக்கர அமைப்பும் சேர்ந்து, சாலையில் என்ன வேகம் என்பதைப் பொருட்படுத்தாமல் இன்ஜினை அதற்குப் பிடித்த ஆர்பிஎம்மில், பிடித்த பாரத்தில் வைத்திருக்கும். வேலை ரொம்பக் குறைவு என்றால் இன்ஜினையே அணைத்துவிடும். கல்யாண அடுப்பில் காபி போடும் வேலை அங்கே கிடையாது. இதே வகையில் மின்மோட்டாரும் சேர்ந்து 2022இல் இங்கே வந்த மாருதியின் கிராண்ட் விடாரா ஹைப்ரிட், சோதனையில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் காட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரேக்கில் வீணாகும் வேகத்தைத் திரும்ப மின்சாரமாக்கிக்கொள்வது இன்னொன்று.

அவ்வளவு விலை கொடுக்காமல் கியர் தானாக மாற வேண்டும் என்பவர்களில் பலர் வாங்குவது ஏஎம்டி. நம் ஊரில் 2014இல் மாருதி செலேரியோவில் அறிமுகமானது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் லீவரையும் நமக்குப் பதில் ஒரு சின்ன ரோபோ கையாள்கிறது. மைலேஜுக்காக முடிந்தவரை சீக்கிரம் மேல் கியருக்கு ஓடுவது அதன் சுபாவம். சமவெளியில் அது நல்ல சுபாவம்தான், ஒழுங்காக மாற்றாத டிரைவரைவிட அது தேவலாம். ஏற்காடு ஏறும்போது மட்டும் தடுமாறும். வளைவுக்கு முன் நீங்கள் காலை எடுத்ததைப் பார்த்து, 'சரி, ஐயா நிதானமாகப் போகிறார்' என்று மூன்றாவதைப் போட்டுவிடும். வளைவில் திரும்பி மிதித்தால், அடடா என்று இரண்டாவதைத் தேடும். அந்த ஒரு நொடியில் வண்டி பின்வாங்குவது போல இருக்கும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். கணினிக்குச் சக்கரம் தெரியும், மிதி தெரியும், முன்னால் கொண்டை ஊசி இருப்பது தெரியாது. லீவரை 'எம்' (மேனுவல்) பக்கம் தள்ளி இரண்டாவதிலேயே பிடித்துவைத்தால் தீர்ந்தது.